ஓரம் கோணிய முகக்கவசம்

தலைமை ஏற்று, என் பேச்சு எப்போது முடியும் என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட சங்கத் தலைவர் அவர்களே! கத்தரியை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் வந்த என்னை வெட்டு மேசையின் முன் நிறுத்தி ஆளாக்கிய மூத்தவர்களே! தையல் இயந்திரத்தின் முன் பாதி வாழ்வைக் கொடுத்துவிட்ட தோழர்களே! கைத்தையல் பிரிவின் தாய்மார்களே, அந்த நீளப் பெஞ்சில் இன்று மிச்சமிருக்கும் தாய்மார்களே! சென்ற முறை உட்கார்ந்த அதே பிளாஸ்டிக் நாற்காலியில், அதே பதிவுப் புத்தகத்தோடு, அதே பொறுமையோடு வந்து அமர்ந்திருக்கும் செவிலியம்மா அவர்களே! வாசலோரம் நின்று, நழுவ நேரம் பார்க்கும் என் அருமைத் தம்பிமார்களே! உங்களுக்கு வணக்கம் சொல்லும் தகுதி தனக்கு இருக்கிறதா என்று தெரியாத ஒருவன் வணக்கம் சொல்கிறான். ஏற்றுக்கொண்டாலும் சரி, தள்ளிவிட்டாலும் சரி.

"நம்ம மைக் மாஸ்டர் பேசுவார்" என்று தலைவர் அறிவித்ததும் கைதட்டினீர்கள். நான் துணி வெட்டும் மாஸ்டர். மைக் கையில் கிடைத்தால் கீழே வைக்கமாட்டேன் என்று நீங்கள் ஆசையாக வைத்த பட்டப்பெயர் அது. இன்று அந்தக் கைதட்டலைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சு முடியும்வரை தயவுசெய்து கைகளைக் கட்டிக்கொள்ளுங்கள். உங்கள் கைதட்டல் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

என்ன அக்கா? கேக்கலையா? மைக்கை விட்டுத் தள்ளி நிக்கிறேன், அதான். மூக்குல குச்சி விட்டுச் சோதிச்சு, ஒண்ணுமில்லைன்னு செவிலியம்மா சொன்ன பிறகுதான் மேடை ஏறினேன். அப்படியும் தள்ளித்தான் நிப்பேன். உரக்கப் பேசுறேன், கேளுங்க.

எட்டு மாதங்களுக்கு முன், இதே முற்றத்தில், இதே மேடையில், இந்த அம்மையார் பத்து நிமிடம் பேசினார். பெருந்தொற்று வந்துவிட்டது, முகத்தை மூடுங்கள், தள்ளி உட்காருங்கள், காய்ச்சல் என்றால் மறைக்காதீர்கள் என்றார். மேடையேறிப் பழக்கமில்லாதவர். காகிதத்தைப் பார்த்துப் பார்த்துப் படித்தார். அவருக்குப் பிறகு யார் பேசினார்? நான் பேசினேன்! என்ன பேசினேன்? நினைவிருக்கிறதா?

உங்களுக்கு மறந்திருக்கலாம். எனக்கு ஒரு சொல்கூட மறக்கவில்லை. நாம் தைத்த முகக்கவசம் ஒன்றை விரலில் தொங்கவிட்டேன். "ரெண்டு மடிப்புத் துணி! நாலு ஓரத் தையல்! ரெண்டு காதுப் பட்டை! வெட்டினவன் நான், தைச்சவங்க நீங்க. இதுக்குள்ள எந்த மந்திரத்தை வச்சுத் தைச்சோம்? யாராவது பார்த்தீங்களா?" என்று கேட்டேன். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். சிரிப்பு ஓய்வதற்குள் அந்த முகக்கவசத்தால் கழுத்து வியர்வையைத் துடைத்தேன். மூக்கையும் சிந்தினேன். விசில் பறந்தது. செவிலியம்மா பதிவுப் புத்தகத்தை மூடி, பையில் வைத்து, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனார். சோதனைக்கு வருகிறவர்கள் பெயர் எழுதவேண்டிய அந்தப் புத்தகத்தில் அன்று ஒரு பெயரும் ஏறவில்லை. என் வெற்றி அது! நான் பெற்ற வெற்றிகளிலேயே முழுமையான வெற்றி!

தோழர்களே, உலகத்தில் எத்தனையோ பேர் இந்த நோயை நம்பவில்லை. அவர்களுக்கு ஆயிரம் காரணம் இருந்திருக்கும். நமக்கு இருந்த காரணம் வேறு யாருக்கும் இருந்திருக்காது. நாம் முகக்கவசம் தைக்கிறவர்கள்! மலை மலையாகத் தைத்தோம். கட்டுக் கட்டாக அடுக்கினோம். லாரி லாரியாக ஏற்றினோம். ஊரார் மூச்சுக்கெல்லாம் உறை தைத்த நாம், நம் மூச்சை மட்டும் திறந்துபோட்டோம். ஏன்? அதன் உள்ளும் புறமும் நமக்குத் தெரியும் என்ற திமிர். கையில் புழங்கிப் புழங்கி நமக்கு மதிப்புப் போன பொருள் அது. தையல் பிசகினால் அதில் எண்ணெய்க் கறை துடைத்தோம். டீக் கிளாஸுக்கு அடியில் வைத்தோம். அது உயிரைக் காக்கும் என்று ஒருத்தர் வந்து சொன்னால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்?

இன்னொரு திமிரும் இருந்தது. பஞ்சுத் தூசி! "முப்பது வருஷமா தூசியை முழுங்கின நெஞ்சு இது, இதை எந்தக் கிருமி என்ன பண்ணும்?" என்று மார்தட்டினோம். இந்தத் தொழிற்சாலையில் இருமாதவன் யார்? யார் இருமினாலும் தூசி இருமல். எவ்வளவு இருமினாலும் தூசி இருமல். அந்த ஒரு சொல்லின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, நோய் நம் நடைபாதையில் நிம்மதியாக உலாவியது.

இப்போது என் தங்கையைப் பற்றிச் சொல்லவேண்டும். சொல்லிவிடுகிறேன்.

உங்களில் பாதிப் பேருக்கு அவள் பெயர் தெரியாது. 'கழுகுக்கண்ணு' என்றால் எல்லோருக்கும் தெரியும். கைத்தையல் பெஞ்சில் பதினோரு மூத்த தாய்மார்கள். கை ஓடும், கண் ஓடாது. காதுப் பட்டையை மடித்துப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டே தைப்பார்கள், ஊசியில் நூல் கோர்க்க மட்டும் முடியாது. அவர்கள் நடுவில் என் தங்கை. இடமிருந்து ஊசி வரும், வலமிருந்து ஊசி வரும். நூல் நுனியை உதட்டில் நனைப்பாள், ஒரே குத்தில் கோர்ப்பாள், திருப்பி அனுப்புவாள். கையில் வேலை நிற்காது, வாயில் பேச்சும் நிற்காது. "ஊசி வந்துச்சாடி?" "வந்துச்சுக்கா, போயும் சேர்ந்துச்சு!" அந்தப் பெஞ்சின் சிரிப்பு வெட்டு மேசைவரை கேட்கும்.

ஒரு நாள் காலை, வேலைக்கு வரும் வழியில் சொன்னாள்.

"அண்ணே, உடம்பு கொதிக்குது. இன்னைக்கு லீவு போட்டுரட்டுமா?"

"சரக்கு இன்னைக்குக் கிளம்பணும். நீ இல்லேன்னா அந்தப் பெஞ்சு நின்னு போயிரும். குழாய்ல மூஞ்சியைக் கழுவிட்டு வா. வாசல்ல கருவி ஒண்ணும் காட்டாது."

ஆம், தோழர்களே! நெற்றிக்கு நேரே காவலாளி பிடிக்கும் அந்தக் காய்ச்சல் கருவியை ஏமாற்ற, வாசலுக்கு வெளியே இருக்கும் குழாயடியில் முகம் கழுவும் வித்தையைக் கண்டுபிடித்தது வேறு யாருமல்ல. உங்கள் மைக் மாஸ்டர்தான்! அவளும் கழுவினாள். நெற்றி குளிர்ந்தது. கருவி பச்சை காட்டியது. உள்ளே வந்ததும் கழிவுக் கட்டிலிருந்து ஒரு முகக்கவசத்தை உருவினாள். நல்ல உருப்படியைக்கூட எடுக்கவில்லை. ஓரம் கோணிப்போய், கழித்துப்போட்ட ஒன்றைத்தான் எடுத்தாள்.

"அண்ணே, இதை மாட்டிக்கிறேன். பக்கத்துல உக்கார்றவங்கல்லாம் வயசானவங்க."

நான் என்ன சொன்னேன்? சொல்லட்டுமா?

"மைக் மாஸ்டர் தங்கச்சியே மாட்டிக்கிட்டா, என் மானம் என்னடி ஆகுறது?"

அண்ணன் சொல்லைத் தட்டாத தங்கை. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பெஞ்சுக்குப் போனாள்.

அன்று முழுவதும் ஊசி வந்தது, போனது. பன்னிரண்டு பேர் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். நோய் நூலில் போனதா, மூச்சில் போனதா என்று பிறகு செவிலியம்மாவிடம் கேட்டேன். "நாள் பூரா ஒட்டி உக்காந்து பேசிச் சிரிச்சிட்டிருந்தா மூச்சே போதும் சார்" என்றார். பதினோரு தாய்மார்களில் ஏழு பேர் படுத்தார்கள். ஐந்து பேர் எழுந்தார்கள். இரண்டு பேர் எழவில்லை. பன்னிரண்டாவதாக இருந்தவளும் எழவில்லை.

யாரது? பின்னால் யாரோ சொன்னீங்களே, சத்தமாச் சொல்லுங்க. "அதுக்கு ஏற்கெனவே இளைப்பு இருந்துச்சு" அப்படித்தானே? வாங்க தம்பி, முன்னால வாங்க. வரமாட்டீங்க. பரவாயில்லை, அங்கேயே நின்னு கேளுங்க. ஆமாம், இளைப்பு இருந்தது. முப்பத்து நான்கு வயது, கொஞ்சம் இளைப்பு, அதோடு மூன்று மாடி ஏறி இறங்கும் கால்கள், ஒரு மகள், வாய் ஓயாத பேச்சு. எல்லாமே இருந்தது. அந்த இளைப்போடு இன்னும் முப்பது ஆண்டு ஊசி கோர்த்திருப்பாள்! செத்தவர்களிடம் ஒரு குறையைத் தேடிக் கண்டுபிடித்து, "நமக்கு அது இல்லை, நமக்கு வராது" என்று நிம்மதியாகத் தூங்கப் போகிறோமே, அதைவிடக் கேவலமான நிம்மதி உண்டா? நானும் அப்படித்தான் தூங்கினேன். மற்ற இரண்டு பேருக்கும் சர்க்கரை இருந்தது என்று நானே ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்போது என் தங்கைக்கு இன்னும் மூச்சு இருந்தது.

மருத்துவமனையில் அவள் பொருள்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். சீப்பு. வீட்டுச் சாவி. மடித்தது மடித்தபடி அந்த முகக்கவசம். வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவள் மகள், ஏழு வயது, பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு என்னைக் கேட்டாள்.

"மாமா, அம்மா இதைப் போட்டுக்கவே இல்லையா? நீங்கதானே எல்லாருக்கும் செஞ்சு குடுக்கிறீங்க?"

ஆயிரம் பேர் கூடிய அவையில் வாய் மூடாத இந்த மைக் மாஸ்டர் உங்களைக் கேட்கிறேன். உங்களில் யாருக்காவது பதில் தெரிந்தால் சொல்லிக்கொடுங்கள், வீட்டுக்குப் போய் அந்தக் குழந்தையிடம் சொல்கிறேன்.

மீண்டும் வேலை தொடங்கிய நாளில் கைத்தையல் பெஞ்சுக்குப் போனேன். ஒன்பது பேர் இருந்தார்கள். ஒரு தாய் பட்டையை மடித்தார், ஊசியை எடுத்தார், பழக்கத்தில் வலப்பக்கம் நீட்டினார். அங்கே யாருமில்லை. நீட்டிய கையை எடுக்கத் தெரியாமல் அப்படியே வைத்திருந்தார். அந்தத் தாய் இதோ இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அம்மா, தலையைக் குனியாதீங்க. குனிய வேண்டியவன் நான்.

போனது போகட்டும் என்று இருந்துவிடலாமா? விடமாட்டேன் என்கிறதே நோய்! நான்கு நாட்களாக அது மறுபடியும் வந்திருக்கிறது என்று செவிலியம்மா சொல்கிறார். அவர் சொல்லவேண்டியதில்லை. இன்று காலை குழாயடியில் நின்று எண்ணினேன். முகம் கழுவ ஒன்பது பேர்! வெயில் வராத வேளையில், வியர்க்காத முகத்தை, அவ்வளவு அக்கறையாகக் கழுவிய ஒன்பது பேர்! பெயர் சொல்லமாட்டேன். உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் கற்றுக்கொடுத்த வித்தை என்னைக் கடந்தே போகிறது. நான் பேசத் தொடங்கியதிலிருந்து இந்த முற்றத்தில் எத்தனை இருமல்! இதுவும் தூசியா? இயந்திரங்களை நிறுத்தி மூன்று மணி நேரம் ஆகிறதே, எங்கிருந்து வந்தது தூசி?

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. நோய் என்று எழுதிவிட்டால் பதினான்கு நாள் வீட்டில் இருக்கவேண்டும், திரும்பி வந்தால் நம் இயந்திரத்தில் வேறு ஒருவர் உட்கார்ந்திருப்பார். அதுதானே? நேற்று தலைவரும் நானும் நிர்வாகத்தின் அறையில் நான்கு மணி நேரம் உட்கார்ந்தோம். நாற்காலி தரவில்லை, சன்னல் விளிம்பில் உட்கார்ந்தோம். நோயென்று பதிந்தவரின் இடத்தில் வேறு யாரையும் அமர்த்தமாட்டோம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறோம். தலைவர் தலையசைக்கிறார், பாருங்கள். அந்தக் காகிதம் வாசல் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. நாளையிலிருந்து குழாயடியில் நான் நிற்பேன். கழுவியவர் கால் மணி நேரம் நிழலில் உட்கார்ந்த பிறகுதான் கருவி. என்னைத் திட்டுங்கள். துரோகி என்று சொல்லுங்கள். தங்கையைக் கொன்றவன் என்று சொல்லுங்கள், நானே சொல்லிக்கொள்வதுதான். ஆனால் யாரும் ஈர முகத்தோடு உள்ளே போகமாட்டீர்கள்!

செவிலியம்மா அவர்களே! அன்று உங்கள் பத்து நிமிடத்தை என் ஐந்து நிமிடத்தால் கொன்றேன். மன்னியுங்கள் என்று கேட்கமாட்டேன். மன்னித்துவிட்டால் எனக்கு லேசாகிவிடும், லேசாகக் கூடாது. நீங்கள் மறுபடியும் வந்தீர்களே, அதற்கு நன்றி. தலைவருக்கு நன்றி. என்னிடமிருந்து மைக்கைப் பிடுங்காத மூத்தவர்களுக்கு நன்றி. சென்ற முறை சிரித்த உங்களுக்கு மட்டும் நன்றி சொல்ல வாய் வரவில்லை.

தோழர்களே, அந்தப் பதிவுப் புத்தகத்தில் இப்போது ஒரே ஒரு பெயர் இருக்கிறது. மேடையேறும் முன் எழுதிய என் பெயர். அதற்குக் கீழே இருக்கும் கோடுகளை நான் மேடையை விட்டு இறங்கும்போது பார்ப்பேன். நான் நல்ல பேச்சாளன் என்று அன்று எனக்குச் சொன்னீர்கள். பொய்யைச் சொல்லி உங்களை ஒரே நாளில் நம்பவைத்தேன். உண்மையைச் சொல்லும்போது என் வாய்க்கு அந்த வலிமை இருக்கிறதா என்று இன்று தெரிந்துவிடும்.

இதோ, ஓரம் கோணிய என் தங்கையின் முகக்கவசம். இதை நான் அணிந்துகொள்கிறேன். அணிந்த பிறகு என் குரல் உங்களுக்குத் தெளிவாகக் கேட்காது. கேட்கவேண்டியது இனி ஒன்றுமில்லை. கட்டிய கைகளை அவிழ்த்துவிடுங்கள். தட்டாதீர்கள், அந்தக் கைகளோடு எழுந்து, பெயர் எழுத செவிலியம்மாவிடம் போங்கள். வணக்கம்.