கருப்பாகாத திரை

கைப்பேசி அடித்தால் எடுக்காமல் இருக்க எனக்கு வராது. எடுத்துவிட்டால் கடுமையாகப் பேசவும் வராது. என் தொல்லையே அதுதான் சார், எழுதிக்கொள்ளுங்கள்.

பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் கம்பெனி. சாயப்பட்டறை பாய்லர்களுக்குத் திரை செய்து கொடுக்கிறோம். உள்ளே எவ்வளவு தண்ணீர் என்று அதில் தெரியும். அதை வரைந்து காட்டும் டிஸ்ப்ளே சர்வர் நிரல் என் பொறுப்பு. சென்சார் ஒயர் விட்டுப்போனால், நிரல் தேடிப்போகும் இடத்தில் ஒன்றும் இருக்காது. நல் பாயின்டர் என்போம். அப்படியானால் அங்கேயே நின்றுவிடு என்று, என்னோடு வேலை பார்க்கும் லோகப்பிரியா நாற்பத்தொரு இடங்களில் அசெர்ட் என்ற கட்டளையை எழுதி வைத்திருந்தாள். நிரல் நிற்கும், திரை கருப்பாகும்.

கருப்பானால் ஒரு பட்டறையின் பாய்லர் ஆப்பரேட்டர் யாகூப் என்னைத்தான் கூப்பிடுவார். “ஏனுங்க தனபாலு, இன்னைக்கும் கருப்பாயிருச்சுங்க. மேல ஏறிக் கண்ணாடிக் குழாய்ல தண்ணியைப் பார்த்துட்டு வாரேனுங்க.” ஒரு நாளைக்கு நான்கு தடவை. சோற்றில் கை வைத்தால் யாகூப். உயிரை வாங்கிவிட்டார் சார்.

லோகப்பிரியா சொன்னாள்: “கருப்பாகறது குத்தமில்லீங்ணா. தெரியாததைத் தெரியலைன்னு சொல்லுது. விட்டுருங்க.” அவளுக்கென்ன, போன் அவளுக்கா வருகிறது.

நாற்பத்தொன்றையும் எடுத்தேன். ஒன்றும் கிடைக்காவிட்டால் கடைசியாக வந்த எண்ணையே காட்டிக்கொண்டிரு என்று எழுதினேன். விஷயம் எனக்காவது தெரிய வேண்டுமல்லவா, என் கணினிக்கு மட்டும் ஒரு குறிப்பு வரும்படி செய்துகொண்டேன். மூன்று வாரம் நிம்மதி. “இப்பத்தானுங்க தங்கமா ஓடுது” என்று யாகூபே சொன்னார்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கு, யாகூபின் பாய்லரில் சென்சார் விட்டுப்போனதாகக் குறிப்பு வந்தது. பார்த்தேன். நானாகக் கூப்பிட்டுச் சொன்னால், இன்னும் சரியாகலையா என்று மனிதர் மறுபடி ஆரம்பித்துவிடுவார். டீ குடிக்கப் போனேன். பதினொன்று ஐந்துக்குத் தண்ணீர் வற்றிய பாய்லர் வெடித்தது. அருகில் நின்ற யாகூப் அங்கேயே போய்ச் சேர்ந்தார். பக்கத்து அறையில் திரை அப்போதும் அறுபது சதவீதம் தண்ணீர் என்றுதான் காட்டியது.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். அவர் மகள் இஃப்ரா என்னிடம் வந்து கேட்டாள்: “ஸ்கிரீன் கருப்பானா எங்கத்தா உடனே ஓடிப் போய்ப் பார்ப்பாருங்களே. அன்னைக்கு மட்டும் ஏனுங்க மேல ஏறலை?”

“ஸ்கிரீன் நல்லாத்தானுங்க அம்மணி இருந்துச்சு” என்றேன்.

அதில் பொய் ஒன்றும் இல்லை சார். அன்று முழுக்க எனக்கு ஒரு புகார்கூட வரவில்லை.