வளைவில்லாத எழுத்து

எனக்கு வட்டமாக எதுவும் பிடிக்காது, சார். தோசையைக்கூட நான்காக மடித்துத்தான் சாப்பிடுவேன்.

என் பெயர் ஃபஹீம். வாணியம்பாடியில் விளம்பரப் பலகை வடிவமைக்கிறேன். ஐந்து வருடம் உழைத்து ஒரு தமிழ் எழுத்துரு செய்தேன். சுழி இல்லை, வளைவு இல்லை. எல்லாம் கூர்முனை, நேர்க்கோடு. அந்தக் காலத்து ஆட்கள் ராக்கெட்டும் பறக்கும் காரும் வரப்போகிறது என்று கனவு கண்டார்களே, அந்த எதிர்காலத்தின் எழுத்து. தலைப்புக்கு மட்டும் வைத்துக்கொள் என்றார்கள் நண்பர்கள். நான் தங்கை அதீபாவின் கல்யாணப் பத்திரிகை முழுவதும் அதில் அச்சடித்தேன். தேதியில் ஆறு எட்டாகத் தெரிந்து, மாப்பிள்ளையின் சொந்தக்காரர்கள் இரண்டு நாள் கழித்து வந்தார்கள். அவசரமாகப் படிக்கிறவர்களுக்கு எழுத்துரு பொறுப்பாகாது.

பிறகு ஜவ்வாது மலையில் ராக்கெட் வடிவக் கூடாரங்களோடு ஒரு விடுதி வந்தது. எல்லாப் பலகையும் என் எழுத்தில். பள்ளத்தின் மேலிருந்த மரப்பாலத்தில் மட்டும் காவலாளி அர்ச்சுனன் தன் கையால் ஒன்று எழுதி மாட்டியிருந்தார்: "பாலம் ஒடஞ்சி கீது. போவாதீங்க." குண்டு குண்டு எழுத்து. எழுத்துருப் போட்டி ஒன்றுக்குப் புகைப்படம் எடுக்க வேண்டியிருந்ததால் அதைக் கழற்றினேன்.

"இன்னாத்துக்குங்க கழட்றீங்க? மரம் உளுத்துப் போய்க்கீது. கால வெச்சா அவ்ளோதான்."

"அதையேதான் நானும் எழுதியிருக்கேன்," என்று 'செல்லாதீர்' பலகையை மாட்டினேன்.

"எழுத்தாங்க அது? கம்பிய ஒடச்சிப் போட்ட மாதிரி கீது."

அவருடைய பலகை என் கார் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை தமிழ்மணி என்ற விருந்தினர் மனைவி சசிகலாவோடு அங்கே வந்தார். பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியாராம். நான் கேமராவோடு பத்தடி தள்ளி நின்றிருந்தேன். பலகை முன்னால் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"இன்னாங்க போட்டுகீது?" என்றார் அந்த அம்மா.

"'செல்வீர்'னு நெனைக்கிறேன்." என் பக்கம் திரும்பினார். "தம்பி, இது இன்னாங்க எழுதிகீது?"

சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. ஆனால் வாயால் விளக்க வேண்டியிருந்தால் அது எழுத்தே இல்லை, சார். ஐந்து வருட உழைப்பு.

"நீங்களே படிச்சிப் பாருங்க," என்றேன்.

அவர் சிரித்துவிட்டுப் பாலத்தில் ஏறினார். மூன்றாவது கட்டையில் கால் வைத்ததும் மரம் விட்டது. அறுபது அடிப் பள்ளம். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். விடும் என்று தெரிந்தேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உடலை மேலே கொண்டுவந்தபோது சசிகலா அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அதுல இன்னாதான் எழுதியிருந்திச்சி?" என்று கேட்டார். ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் படித்துக் காட்டினேன். முடிப்பதற்குள் புரிந்துகொண்டு, அங்கேயே மண்ணில் உட்கார்ந்து கதறினார்.

நீங்களே சொல்லுங்கள், சார். படிக்க முடியாத எழுத்தாக இருந்தால் அந்த அம்மாவுக்கு மட்டும் எப்படிப் புரிந்திருக்கும்?