பெயர்ப்பலகையின் படம்

அன்று எங்கள் மருத்துவமனையின் நூலக அறையில் ஐந்து பேர் இருந்தோம். அமைச்சகத்திலிருந்து வந்த விசாரணை அதிகாரி டெச்சேரா, குறிப்பெடுக்க அவர் கூட்டிவந்த பெண் ஒல்கா, என் மகன் அறுவை மருத்துவன் அனிபால், எக்ஸ்ரே பிரிவின் நெலிடா பென்டோஸ், லெயாண்ட்ரோ இராசோக்கி என்கிற நான். மாதே தேநீர்க் குடுவை இரண்டு சுற்று வந்தது. தண்ணீர் போதிய சூட்டில் இல்லை, இலை ஊறவேயில்லை. அதை நான் வாய்விட்டுச் சொன்னேன். நான் பதறிப்போய் உட்கார்ந்திருந்ததாக யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள், நீதிபதி அம்மா. பதறுகிறவன் தண்ணீரின் சூட்டைக் கவனிக்கமாட்டான்.

சால்ட்டோ ஊரில் எங்கள் பெயர் எண்பத்தோரு ஆண்டுகளாக ஒரே கதவில் இருக்கிறது. பித்தளைப் பலகை. தாத்தா மாட்டியது, அப்பா துடைத்தது. நான் மருத்துவம் படிக்கவில்லை. அணையின் கணினி அறையில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஓய்வுக்குப் பிறகு பலகையைத் துடைக்கும் பொறுப்பு எனக்கு வந்தது.

நெலிடாவுக்கு நாற்பத்தேழு வயது. கெட்டிக்காரப் பெண். எங்கள் ஸ்கேனரில் எக்ஸ்ரே ஃபிலிமைப் படுக்கவைத்துத்தான் நுழைக்க முடியும். கணினியில் எல்லாப் படமும் படுத்தே கிடக்கும். ஒவ்வொன்றையும் கையால் நிமிர்த்தி அலுத்துப்போய், மாலை வகுப்பில் சி மொழி கற்றுக்கொண்டு, தானே ஒரு நிரல் எழுதினார். அது ஓடவில்லை. ஜூலை கடைசியில் என்னிடம் கொண்டுவந்தார்.

"ரெண்டு பிள்ளை பெத்தேன் டான் லெயாண்ட்ரோ, அது சுளுவு. இந்தச் சனியன் வெளிய வரமாட்டேங்குது. வந்தாலும் மழையில நனைஞ்ச கோடு கோடா வருது."

அகலத்தையும் உயரத்தையும் இடம் மாற்றாமல் விட்டிருந்தார். அதைச் சொன்னேன், கோடுகள் போயின. அவருக்கு ஒரே மகிழ்ச்சி. சோதிக்க எந்தப் படத்தைப் போட்டீர்கள் என்று கேட்டேன். தன் மாதே குடுவையை மேலிருந்து எடுத்த படம் என்றார். வட்டத்தை எப்படித் திருப்பினாலும் வட்டம்தான். எழுத்துள்ள படம் ஒன்றைப் போடச் சொன்னேன். வாசலுக்குப் போய் எங்கள் பெயர்ப்பலகையைக் கேமராவைச் சாய்த்துப் படமெடுத்து வந்தார். நிரல் அதை நிமிர்த்தியது. எங்கள் பெயர் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம்வலம் மாறித் தெரிந்தது.

"அய்யய்யோ, உங்க தாத்தா எந்திரிச்சு வந்து என்னை உதைப்பாரு," என்றார்.

சாம்பல் நிறப் படம் என்பது எண்களின் கட்டம். கறுப்புக்குப் பூஜ்யம், வெள்ளைக்கு இருநூற்று ஐம்பத்தைந்து. அதை நிமிர்த்த, வரிசைகளை நெடுக்கு வரிசைகளாக்க வேண்டும். அவற்றை மறுமுனையிலிருந்து எண்ணி வைக்கவும் வேண்டும். அதற்கு ஒரு கழித்தல் உண்டு. அந்தக் கழித்தல் விட்டுப்போனால் படம் நிமிரும், ஆனால் இடது வலதாகும். தொடங்குகிறவர்கள் எல்லோரும் செய்யும் பிழை. நான் அந்த வரியைத் திருத்தினேன். பெயர் நேராக வந்தது. அவர் அதை அச்செடுத்து, அடியில் பேனாவால், "கடைசியில் நேராக வந்தது, அந்தக் கழித்தல் வாழ்க, ஆகஸ்ட் 3" என்று எழுதி, எக்ஸ்ரே அறையின் கைகழுவும் தொட்டிக்கு மேலே ஒட்டினார். அன்றிலிருந்து படங்கள் நேராக அறுவை அறைக் கணினிக்குப் போயின.

என் மகன் அந்தக் கணினியைப் பார்ப்பதில்லை. எங்கள் வீட்டு மருத்துவர்கள் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பவர்கள். இங்கே நோயாளிதான் தன் படத்தைப் பழுப்பு உறையில் வீட்டுக்குக் கொண்டுபோவார், அறுவைக்கு வரும்போது கொண்டுவருவார். செஃபெரினோ ஒலிவேரா, ஆரஞ்சுத் தோட்டத்துக்காரர், அப்படித்தான் கொண்டுவந்தார். அனிபால் அதை வாங்கி ஜன்னலில் பிடித்தான். வலது சிறுநீரகத்தை எடுத்தான். கட்டி இடதில் இருந்தது.

அன்று மதியம் அவன் என் வீட்டுச் சமையலறையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றான்.

"அப்பா, படத்தைத் திருப்பிப் பிடிச்சிட்டேன். ஓரத்துல எது இடது, எது வலதுன்னு காட்டுற அந்த ஈய எழுத்து இருந்துச்சு. நான் பாக்கல."

"யார்கிட்ட சொன்ன?"

"யார்கிட்டயும் இல்ல. இனிமேத்தான் சொல்லணும்."

"சாப்பிட்டியா?" என்று கேட்டேன். சாப்பிடவில்லை. முட்டை பொரித்துக் கொடுத்தேன். ஒலிவேராவின் பழுப்பு உறை அவன் கையில் இருந்தது. அதை வாங்கி அடுப்பில் எரித்தேன். இனி இருப்பது கணினியில் உள்ள படம் மட்டும்தான்.

மறுநாள் ஞாயிறு. எக்ஸ்ரே அறையின் சாவி என்னிடம் உண்டு. நெலிடாவின் நிரலைத் திறந்து அந்தக் கழித்தலை எடுத்தேன். புதிதாக ஓர் எழுத்துகூட நான் சேர்க்கவில்லை. அது அவர் முதலில் எழுதிய வரி. அவருடைய பிழையை அவருக்குத் திருப்பிக் கொடுத்தேன், அவ்வளவுதான். பழைய தேதியே விழும்படி கணினியின் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளி, ஆகஸ்ட் 3 முதல் சேர்ந்திருந்த நூற்றுப் பதினான்கு படங்களின் படுத்துக் கிடந்த மூலங்களையும் அந்த நிரலில் மீண்டும் ஓட்டினேன். ஸ்கேனர் ஓரங்களை வெட்டிவிடுவதால் ஈய எழுத்து எந்தப் படத்திலும் இல்லை. அவருடைய நோட்டில் அந்தக் கழித்தலைப் பற்றிய பக்கத்தைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். கை கழுவினேன், பூட்டினேன், பலகையைத் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அந்த ஞாயிறிலிருந்து விசாரணைக்குப் பதினொரு நாள் இருந்தது. ஒரு தவறு என்றால் மருத்துவரைப் பார்ப்பார்கள். அதே தவறு வேறொரு மருத்துவரின் கையிலும் நடந்தால் இயந்திரத்தைப் பார்ப்பார்கள். இது யாருக்கும் புரியும் கணக்கு. ஒன்பதாம் நாள் அறுவைப் பட்டியல் வழக்கம்போல் தாழ்வாரத்தில் ஒட்டப்பட்டிருந்தது: சுல்மா ஃபெரெய்ரா, சிறுநீரகக் கல், மருத்துவர் பார்சியா. பார்சியா தலைநகர் மான்டெவிடியோவிலிருந்து வந்த இளைஞர், திரையை நம்புகிறவர். காலை எட்டு மணிக்கு அந்தப் பட்டியலைப் படித்தேன். கல் எந்தப் பக்கம் என்பது எனக்குத் தெரியும். படத்தை மாற்றியவன் நான்தானே.

சுல்மா தாழ்வாரத்துப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடச் சமையல்காரர்.

"டான் லெயாண்ட்ரோ, பலகையை இப்படித் தேய்ச்சா ஒருநாள் பேரே அழிஞ்சிடும்," என்று சிரித்தார்.

"அழியாது, செனோரா," என்றேன். நல்லபடியாக முடியட்டும் என்றும் சொன்னேன். சொல்வது மரியாதை.

கல் இல்லாத பக்கத்தைத் திறந்தார்கள். ரத்தப்போக்கு நிற்கவில்லை. மறுநாள் மாலை இறந்தார்.

விசாரணையில் டெச்சேரா அந்த வரியைத் திரையில் காட்டி, நெலிடாவையே படிக்கச் சொன்னார். அவர் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதுல ஒண்ணு குறையுதே. டான் லெயாண்ட்ரோ, நீங்கதானே இதைத் திருத்திக் குடுத்தீங்க? நாம சேந்து உக்காந்து பாத்தோமே?"

அனிபால் மேசையைப் பார்த்தான். ஒல்காவின் பேனா நின்றது.

"அகலமும் உயரமும் மாறிக் கிடந்துச்சு, அதைச் சொன்னேன்," என்றேன். "இந்த வரியை நான் பாத்ததில்ல, நெலிடா."

"அந்தப் பேர்ப்பலகைப் படம்…"

"எந்தப் படம்?"

"நோட்டுல எழுதி வச்சிருக்கேன்," என்று புரட்டினார். வெகுநேரம் புரட்டினார். கடைசியில் நோட்டை மூடி, அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, "அப்போ நான்தானா? அந்த சுல்மா என் கையாலயா போனா?" என்று கேட்டார். அவர் யாரையும் கேட்கவில்லை, தன்னையே கேட்டுக்கொண்டார். நான் என் தண்ணீர்க் குவளையை அவர் பக்கம் நகர்த்தினேன். குடித்தார். அதற்காக எனக்கு நன்றியும் சொன்னார்.

அன்றே எழுதி முடித்திருப்பார்கள். கையெழுத்துப் போடும் முன் டெச்சேராவின் விரலில் மை ஒட்டியது. கழுவ இடம் கேட்டார். ஒல்கா எக்ஸ்ரே அறையைக் காட்டினார். தொட்டிக்கு மேலே அந்தத் தாள் இருந்தது. அவர் வெகுநேரம் திரும்பி வரவில்லை. குழாய் ஓடிக்கொண்டிருந்த சத்தம் மட்டும் நூலகம் வரை கேட்டது.

ஆக, நீங்கள் கேட்டதற்குப் பதில்: நிரலைக் கெடுத்தது நான். படங்களைத் திருப்பியது நான். சுல்மா ஃபெரெய்ராவைத் தெரிந்தே அறுவை அறைக்குள் போகவிட்டது நான். அனிபாலுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை பற்றி எதுவும் தெரியாது. அவன் செய்தது கைத்தவறு; எந்தக் குடும்பத்திலும் நடக்கும். நெலிடாவை வேலையில் திரும்ப வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர்மீது எனக்கு எப்போதும் மதிப்பு உண்டு.

ஊரில் ஒரு பேச்சு உலவுகிறதாம். நோட்டுப் பக்கத்தைக் கிழித்தவன் சுவரில் இருந்த தாளை மறந்திருக்க முடியாது, மனசாட்சி உறுத்தித்தான் வேண்டுமென்றே விட்டுவைத்தான் என்று. அது தவறு. அந்த ஞாயிற்றுக்கிழமை கை கழுவும்போது தாள் என் கண்ணுக்கு நேரே இருந்தது, கையெட்டும் தூரம். அதில் எங்கள் பெயர் நேராக இருந்தது. அதை நான் எப்படிக் கிழிப்பேன்?