கன்னத்தில் கை வைத்த ராணி

நான் தேநீருக்குச் சீனி போடுவதில்லை. நீங்கள் தந்ததில் இரண்டு கரண்டியாவது இருந்திருக்கும். பரவாயில்லை, குடித்துவிட்டேன். சிங்களத்தில் சொல்லவும் எனக்கு முடியும். ஆனால் தமிழிலேயே எழுதித் தரலாம் என்றீர்கள். மொழிபெயர்ப்பவர் எதையும் விட்டுவிடாமல் இருந்தால் சரி.

என் பெயர் டிலக்ஷன். வயது முப்பத்து நான்கு. நாலந்தாவில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். மாத்தளையில் மனைவியின் பெற்றோருடன் இருக்கிறேன். மனைவி ஷெனாலி 2019 டிசம்பரில் டெங்குக் காய்ச்சலில் இறந்தாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

ஷெனாலி வரலாறு படித்தவள். எங்கள் முதலாவது திருமண நாளுக்கு ஒரு செஸ் பெட்டி வரவழைத்தாள். ஸ்கொட்லாந்தில் லூயிஸ் என்ற தீவின் மணலுக்குள் 1831இல் கிடைத்த காய்களின் நகல், ரெசினில் வார்த்தது. அசல் காய்கள் வால்ரஸ் என்ற கடல் விலங்கின் தந்தத்தில் செதுக்கியவை. எண்ணூறு வருடத்துக்கும் மேல் பழையவை. நோர்வேயில், ட்ரொண்ட்ஹெய்ம் என்ற ஊரில் செய்திருக்கலாம் என்கிறார்கள். கோட்டை நிற்க வேண்டிய இடத்தில் காவல் வீரர்கள் நிற்பார்கள். சிலர் போர்வெறியில் தங்கள் கேடயத்தையே கடித்துக்கொண்டிருப்பார்கள். ராணிகள் மட்டும் கன்னத்தில் கை வைத்து, கெட்ட செய்தி கேட்டவர்கள் போல உட்கார்ந்திருப்பார்கள்.

பெட்டியைப் பிரித்த அன்று மாமி ஒரு ராணியைத் தூக்கிப் பார்த்தார். அவர் பெயர் சவரியம்மா என்பது உங்களுக்குத் தெரியும்.

"ஏன் மகள், இந்தப் பொம்பளைக்குப் பல்லுவலியா?"

"பல்லுவலி இல்ல. புருஷன் கடைக்குப் போகாம செஸ் விளையாடுறானாம்" என்று மாமா நோபர்ட் என்னைப் பார்த்தார்.

ஷெனாலி சிரித்தாள். அவளும் யோசிக்கும்போது அப்படித்தான் கை வைப்பாள்.

காய்ச்சல் வந்த அன்று ஒரு ஆட்டம் பாதியில் நின்றது. அவளுடைய முறை. ஆஸ்பத்திரிக்குப் புறப்படும்போது சொன்னாள்: "பலகையைத் தொடாதீங்க. வந்து உங்கள முடிக்கிறேன்." நான்காம் நாள் இறந்தாள்.

சவப்பெட்டியில் உறவினர்கள் ஜெபமாலையும் பூவும் வைத்தார்கள். நான் பலகையிலிருந்து அவளுடைய ராணியை எடுத்து அவள் விரல்களுக்குள் வைத்தேன். பிழை அதுதான். மற்றதெல்லாம் அதைத் திருத்துவதற்காகச் செய்தவை.

ராணி இருந்த கட்டத்தில் ஒரு சோடாப் போத்தல் மூடியை வைத்தேன். மூடியை வைத்தும் அவள் அடுத்து என்ன செய்திருப்பாள் என்று யோசிக்கலாமே என்பீர்கள். ஒரு வருடம் அப்படித்தான் யோசித்தேன். மூடி கன்னத்தில் கை வைக்காது.

ஃபாதரிடம் போய்க் கல்லறையைத் திறக்க முடியுமா என்று கேட்டேன். ஒரு பொம்மைக்காகவா என்று கேட்டுவிட்டு, என் தலையில் கை வைத்து ஜெபித்து அனுப்பினார். பிறகு குழி வெட்டும் நாகமுத்துவைக் கேட்டேன். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் பொதுவாகக் குடும்பத்துக்கு ஒரு குழிதான். ஐந்து வருடம் முடிந்தபின், அதே வீட்டில் இன்னொருவர் இறந்தால் திறப்பார்கள். வீட்டு ஆண் ஒருவர் உள்ளே இறங்கிப் பழைய எலும்புகளை வெள்ளைத் துணியில் சேர்த்து, புதிய பெட்டியின் காலடியில் வைப்பார்.

"சும்மா திறக்க ஏலாது சார். இன்னொரு ஆள் டிக்கட் எடுத்தாதான் கேட் திறக்கும்" என்று நாகமுத்து சிரித்தார். வேடிக்கையாகத்தான் சொன்னார். அவரை இதில் இழுக்க வேண்டாம்.

காய் கெட்டிருக்குமோ என்ற கவலை எனக்கு இருக்கவில்லை. அசல் தந்தக் காய்கள் பல நூறு வருடம் மணலில் கிடந்தும் முகம் மாறாமல் வந்தன. ரெசினுக்கு ஐந்து வருடம் ஒன்றுமில்லை.

மாமிக்கு நீரிழிவு. மாமாவுக்குக் கை நடுங்கும் என்பதால் இன்சுலின் ஊசி போடுவது நான்தான். காலை, மாலை. அந்த ஐந்து வருடத்தில் ஒரு ஊசிகூடத் தவறவில்லை, ஒரு நேரச் சாப்பாடும் பிந்தவில்லை. பெற்ற மகன்கூட இப்படிப் பார்க்க மாட்டான் என்று கோயிலில் சொல்வார்கள். அது உண்மை. ஐந்து வருடம் முடிவதற்கு முன் அவர் போயிருந்தால் வேறு குழி வெட்டியிருப்பார்கள்.

மாமியும் அடிக்கடி சொல்வார்: "என்னையும் மகள்கிட்ட கூட்டிட்டுப் போகச் சொல்லி மாதாகிட்ட கேளுங்க மகன்." இதை நீங்கள் கவனத்தில் எடுக்க வேண்டும்.

இந்த வருடம் பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாமா பல்லேகமவில் ஒரு ஞானஸ்நானத்துக்குப் போயிருந்தார். மாலையில்தான் வருவார். காலையில் வழக்கம்போல ஊசி போட்டேன். சாப்பாடு கொடுக்கவில்லை. தலைமாட்டில் இருந்த குளுக்கோஸ் டின்னை முந்தின நாளே அலுமாரிக்கு மேல் வைத்திருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் மாமி கூப்பிட்டார். "மகன், கை காலெல்லாம் நடுங்குது. சீனி போட்டுக் கொஞ்சம் தேத்தண்ணி தாங்க."

"இந்தா ஊத்துறேன் மாமி" என்றேன்.

கேத்தலை அடுப்பில் வைத்தேன். கொதித்ததும் அணைத்தேன். ஆறியதும் மறுபடி வைத்தேன். மூன்றாவது தடவை கொதித்தபோது அவர் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தார். பிறகு பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். முடியும்வரை பிடித்திருந்தேன். அவரைத் தனியாக விடவில்லை.

செவ்வாய்க்கிழமை குழியைத் திறந்தார்கள். வெள்ளைத் துணியுடன் நான் இறங்கினேன். ஷெனாலியின் கை எலும்புகள் இருந்தன. ஜெபமாலையின் சிலுவை இருந்தது. ராணி இல்லை. மண்ணை விரலால் சலித்தேன். மேலே அழுதார்கள், எனக்குத் துக்கம் தாங்கவில்லை என்று நினைத்திருப்பார்கள். "போதும் சார், எழும்புங்க" என்று நாகமுத்து கையைக் கொடுத்தார்.

ஏழாம் நாள் பூசை முடிந்து வந்ததும் மாமா அலுமாரி லாச்சியை இழுத்துத் திறந்தார். கைக்குட்டையில் சுற்றிய ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"தம்பி, கோவிக்கக் கூடாது. பெட்டி மூடுறப்போ புள்ள கையிலேருந்து நான்தான் இத எடுத்தேன். அவளே குந்திட்டு இருக்கிற மாதிரி இருந்திச்சு. மண்ணுக்குள்ள போட மனசு வரல்ல. நீங்க குழிக்குள்ள தேடுனப்போதான் எனக்கு விளங்கிச்சு."

நான் கைக்குட்டையைப் பிரித்தேன்.

"ஒரு வார்த்த கேட்டிருந்தா அன்னைக்கே தந்திருப்பேனே தம்பி" என்று அழுதார்.

லூயிஸ் காய்களில் ஒன்று ஐம்பது வருடத்துக்கு மேல் ஒரு வீட்டு லாச்சியில் கிடந்து, 2019இல்தான் வெளியே வந்தது. பத்திரிகையில் வந்த அந்தச் செய்தியை ஷெனாலிதான் எனக்கு வாசித்துக் காட்டினாள். குழிக்குள் மண்ணைச் சலித்தபோது எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

மூடியை எடுத்துவிட்டு ராணியை அதன் கட்டத்தில் வைத்தேன். அவர் உண்மையைச் சொன்னதால் நானும் சொல்வதுதான் முறை என்று பட்டது. டின்னை, கேத்தலை, எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு எதிரில் உட்காரச் சொன்னேன். மகளுக்காக அவரே ஒரு காய் நகர்த்தலாம் என்று நினைத்தேன்.

மாமா ராணியைப் பார்த்தார். "இதுக்கா?" என்று மட்டும் கேட்டார். செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். அரை மணித்தியாலத்தில் நீங்கள் வந்தீர்கள்.

பலகையைச் சான்றாக எடுக்க வேண்டி வந்தால், காய்கள் நின்ற கட்டங்களை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

சவரியம்மாவைக் கொன்றது நான்தான். அதில் மறைக்க ஒன்றுமில்லை. மாமாவைக் குற்றம் சொல்லும் எண்ணமும் எனக்கில்லை. ஆனால் எழுதும்போது ஒன்றைச் சரியாக எழுதுங்கள்: அந்த வீட்டில் களவு நடந்தது ஒரே ஒரு தடவை, அதைச் செய்தது நான் அல்ல.