காற்புள்ளி பார்த்துக் களைத்த கண்களுக்கு

அடைப்புக்குறிகளின் அரசியே! ஆய்வாளர்களின் ஆறுதலே! காற்புள்ளிக்கும் முற்றுப்புள்ளிக்கும் நடுவே கண்ணொளியைக் கரைத்த கருணையே! சாய்ந்த எழுத்தை நிமிர்த்தியும், நிமிர்ந்த எழுத்தைச் சாய்த்தும், நாங்கள் சாய்ந்தபோதெல்லாம் எங்களை நிமிர்த்தியும் ஓய்ந்த ஓய்வில்லாத் தாயே!

வணக்கம். விழாவில் வாசிக்கும் வாழ்த்துமடல் என்றால் இப்படித்தான் தொடங்க வேண்டுமாம். இதற்கு மேல் ஓர் அடைமொழி வந்தால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். நேரில் புகழ்ந்தால் உங்களுக்குக் காது கூசும். ஆகவே யாரோ ஓர் அம்மாவின் கதைபோல இதைச் சொல்லிவிடுகிறோம். நீங்களும் யாரையோ பற்றியது என்று நினைத்துக்கொண்டு, அந்த நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து கேளுங்கள்.

ஓர் ஆய்வு நிலையம். அதன் மூன்றாம் மாடியில், நகலெடுக்கும் இயந்திரத்துக்கும் குடிநீர்க் குழாய்க்கும் நடுவே ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் சாம்பல் நிறச் சால்வை போர்த்திய ஓர் அம்மா. நிலையத்தில் எல்லாருக்கும் அவர் ‘ஸ்டைல் அம்மா’. புதிதாகச் சேர்ந்தவர்கள் அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, யாரோ மிடுக்கான பெண்மணி என்று தேடிக்கொண்டு வருவார்கள். நெற்றியில் ஒன்றும் மூக்கில் ஒன்றுமாக இரண்டு கண்ணாடிகளோடு இருப்பவரைப் பார்த்து, அவரிடமே வழி கேட்பார்கள். அவரும் பொறுமையாக, “உக்காருங்க, நான்தான்” என்பார்.

அவர் வேலை இதுதான். கட்டுரை எழுதுகிறவர், தாம் எடுத்தாண்ட நூல்களைக் கடைசியில் பட்டியலிட வேண்டும். அந்தப் பட்டியல் எப்படி இருக்க வேண்டும் என்பதில் ஒவ்வோர் ஆய்விதழுக்கும் ஒரு பிடிவாதம்; அதற்குத்தான் ‘ஸ்டைல்’ என்று பெயர். ஒன்று பெயரை முன்னால் கேட்கும், ஒன்று எண் போதும் என்னும். ஒன்று ஆறு பேரை எழுதச் சொல்லும், இன்னொன்று மூன்று பேருக்குமேல் பொறுக்காமல் ‘மற்றும் பிறர்’ என்று முடித்துக்கொள்ளும். மேற்கோள் மென்பொருள் ஒரு பொத்தானில் எல்லாவற்றையும் மாற்றித் தரும் என்பார்கள். தரும்தான். ஆனால் நம் ஆட்கள் அனுப்புகிற இதழின் ஸ்டைல் மட்டும் அதில் எப்போதும் இருக்காது. அப்போது ஸ்டைல் அம்மா, கிட்டத்தட்ட அதைப்போல இருக்கும் வேறொன்றை எடுத்து, இங்கே ஒரு புள்ளியை நீக்கி, அங்கே ஓர் அடைப்பைச் சேர்த்து, சட்டையைப் பிரித்துத் தைப்பதுபோலத் தைத்துத் தருவார்.

இதில் ஒரு சங்கதி உண்டு. ஏற்றுக்கொள்ளப்பட்ட கட்டுரை அந்த மேசைக்கு மறுபடி வராது. ஓர் இதழ் திருப்பி அனுப்பினால்தான் அடுத்த இதழுக்கு ஸ்டைல் மாற்ற வேண்டும். ஆகவே, யாருடைய கட்டுரை கவிழ்ந்தது என்பது வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும் முன்பே ஸ்டைல் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். வாசலில் ஒருவர் மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, “அம்மா, சும்மா ஒரு சின்ன மாத்தம்...” என்று இழுப்பார். சும்மாவாவது, சின்னதாவது! முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கும். அவர் ஏன் என்று கேட்டதே இல்லை. “எந்த இதழுக்கு?” அவ்வளவுதான். கேட்டது வெளியே போனதும் இல்லை. ஆனால் ஊர்த் துக்கத்தையெல்லாம் வாங்கி வைத்துக்கொள்ள ஓர் ஆளுக்கு எத்தனை நெஞ்சு இருக்கும்? வருடக்கணக்கில் அவர் பார்த்த முகமெல்லாம் தோற்ற நாளின் முகம். அதை நாங்கள் யாரும் யோசித்துப் பார்க்கவில்லை.

பணிக்காலம் முடிந்தும் அவரை நாங்கள் விடவில்லை. இன்னும் கொஞ்ச நாள், இன்னும் கொஞ்ச நாள் என்று இரண்டு முறை நீட்டினோம். வேறோர் ஊரில் அவருடைய அக்கா தனியாக இருக்கிறார். தங்கை வந்து கூட இருக்கப் போகிறாள் என்று ஓர் அறையை ஒழித்து, கட்டில் வாங்கிப் போட்டு, திரை தைத்துத் தொங்கவிட்டு, அது நிறம் மங்கி, இரண்டாவது திரையும் தைத்தாயிற்று. மதியச் சாப்பாட்டு வேளையில் தவறாமல் தொலைபேசி அடிக்கும். அக்காவுக்குக் காது மந்தம், அதனால் பேச்சு உரக்கத்தான் நடக்கும். “எப்போடி வர்றே?” என்பார் அக்கா. “அடுத்த மாசம்க்கா” என்பார் இவர். எந்த மாசம் என்று மட்டும் இருவரும் சொல்லிக்கொள்வதில்லை.

இந்த மாதத் தொடக்கத்தில் இயக்குநர் மறுபடி வந்தார். (ஐயா இங்கேதான் அமர்ந்திருக்கிறார், கோபித்துக்கொள்ள மாட்டார்.) “இன்னும் ஒரு ஆறு மாசம் மட்டும்மா. நீங்க போனா எங்களுக்குக் கை ஒடிஞ்ச மாதிரி” என்றார். இவர், “யோசிச்சு சொல்றேன் சார்” என்றார். ஸ்டைல் அம்மா யோசித்துச் சொல்கிறேன் என்றால் சரி என்று பொருள். அது எங்களுக்கும் தெரியும், இயக்குநருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.

இயக்குநர் அந்தப் பக்கம் போக, இந்தப் பக்கம் மண்புழு வந்தார். மண்புழுக்களையே ஆராய்ந்து ஆராய்ந்து அந்தப் பெயரையும் சம்பாதித்துக்கொண்ட எங்கள் தோழர். அவருடைய ஒரே பெரிய கட்டுரையை நான்கு இதழ்கள் வரிசையாகத் திருப்பியிருந்தன. ஐந்தாவதற்கு அனுப்பியாக வேண்டும். அது ஏறாவிட்டால் அவருடைய பணி ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. ஸ்டைல் அம்மா கண்ணாடியை இறக்கி, பொத்தானை அழுத்தினார். பட்டியல் புது உருவில் வந்தது. கூடவே என்றைக்கோ திருத்திய பிழைகளெல்லாம் உயிர்பெற்று எழுந்து வந்தன. பெயர்கள் தப்பு, பக்க எண்கள் காணோம்.

நடந்தது வேறொன்றுமில்லை. நான்கு முறையும் மண்புழு மென்பொருளின் சேமிப்புக்குள் போய்த் திருத்தாமல், கட்டுரையின் கடைசியில் தெரிந்த பட்டியலிலேயே கையால் திருத்தியிருக்கிறார். ஸ்டைலை மாற்றினால் மென்பொருள் தன் சேமிப்பிலிருந்து பட்டியலைப் புதிதாக எழுதும்; கையால் செய்தது எல்லாம் போச்சு. இதை அந்த அம்மா சொல்லாத நாள் இல்லை, நாங்கள் கேட்ட நாளும் இல்லை.

“பட்டியல்ல கை வைக்காதீங்க, உள்ள போயி திருத்துங்கன்னு எத்தன தடவ சொல்றது தம்பி?”

சொல்லிவிட்டு இரண்டு கண்ணாடிகளையும் கழற்றி வைத்தார். மேசைமேல் தலையைச் சாய்த்தார். அப்படி அவரை யாரும் பார்த்ததில்லை.

“என்னம்மா, உடம்பு சரியில்லையா?” என்று பதறினார் மண்புழு.

“உடம்புக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கு. அலுத்துப்போச்சு தம்பி.” தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: “இத்தன வருசத்துல ஒருத்தர்கூட நல்ல சேதி சொல்லன்னு இந்த மேசைக்கு வந்ததில்ல.”

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. “எப்போடி வர்றே?” என்றார் அக்கா. இவர் கொஞ்சம் தயங்கி, “இன்னொரு ஆறு மாசம் ஆகும் போல இருக்குக்கா” என்றார். அக்கா, “சரி. அந்த ரூம்ல வெங்காயம் கொட்டி வெச்சுக்கறேன். சும்மாதானே கெடக்கு” என்று வைத்துவிட்டார்.

ஸ்டைல் அம்மா கண்ணாடிக்காகக் கையை நீட்டினார். மண்புழு மடிக்கணினியை மூடி எடுத்துக்கொண்டார். “இது நான் கெடுத்தது. நானே பாத்துக்கறேன்மா” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி எங்களிடம் வந்தார். வெங்காயக் கதையைச் சொன்னார். கேட்ட எங்களால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை.

அன்று மாலையே கூட்டமாக இயக்குநர் அறைக்குப் போனோம். நீட்டிப்பு வேண்டாம் என்றோம். “அப்போ இனிமே இத யாரு பண்றது?” என்றார். “எங்க கட்டுரை, எங்க பட்டியல். நாங்கதான் சார்” என்றார் மண்புழு. இயக்குநர், “என் கட்டுரையையும் நானே பண்ணணுமா?” என்றார். ஆமாம் என்றோம். பெருமூச்சு விட்டார், ஆனால் சரி என்றார்.

அதற்குப் பிறகு நாங்கள் பட்டபாடு நாய்கூடப் படாது. ஒவ்வொரு பதிவாக உள்ளே போய்த் திருத்தினோம். முற்றுப்புள்ளியை நீக்கினால் பெயரும் சேர்ந்து போனது; பெயரைக் கொண்டுவந்தால் ஆண்டு இரண்டு முறை வந்தது. கண் எரிந்தது, கழுத்து பிடித்தது, ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுந்தோம். இந்தக் களைப்பையா அந்த அம்மா சால்வைக்குள் வைத்திருந்தார் என்று அப்போதுதான் உறைத்தது. ஒருவழியாக மண்புழுவின் கட்டுரை ஐந்தாவது இதழுக்குப் போய்ச் சேர்ந்தது. முடிவு இன்னும் வரவில்லை.

கதை முடிந்தது, அம்மா. அது நீங்கள்தான் என்று உங்களுக்கும் தெரியும்.

அக்காவிடம் நேற்றே பேசிவிட்டோம். வெங்காயத்தை அள்ளியாயிற்றாம். மூன்றாவது திரை தைக்கத் துணி எடுத்திருக்கிறாராம். “ஏதாச்சும்னா கூப்பிடுங்க” என்று நீங்கள் இன்று விடைபெறும்போது சொல்வீர்கள், கூப்பிட மாட்டோம். உங்கள் எண்ணை அலுவலகத் தொலைபேசிகளிலிருந்து நீக்கிவிட்டோம். எங்கள் நன்றியைச் சொல்ல எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை. இந்த மடலில் காற்புள்ளி எங்காவது இடம் மாறியிருந்தால் பேனாவைத் தேடாதீர்கள். மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டாயிற்று.

நேரத்துக்கு உண்டு, நினைத்தபோது உறங்கி, அக்காவோடு அன்றாடம் சண்டையிட்டு அன்றாடம் சமாதானமாகி, கண்ணும் கழுத்தும் நோகாமல் நெடுங்காலம் நீங்கள் நிறைவாய் வாழ்க! வாசலில் எங்களில் ஒருவர் மடிக்கணினியோடு வந்து நின்றால், தயவு தாட்சண்யம் பார்க்காமல் கதவைச் சாத்துங்கள். என்றாவது ஒருநாள் மண்புழு வெறுங்கையோடு வந்து நிற்பார். அப்போது மட்டும் திறங்கள், அம்மா. நல்ல சேதி சொல்ல வந்திருப்பார்.

தங்கள் கண்களைக் களைக்க வைத்த,
மூன்றாம் மாடியின் ஆய்வாளர்களும் அலுவலர்களும்