ஓய்வு கேக்குற கால்

— காலையில கண்ணாடி வழியா பாத்துக்கிட்டுதான் இருந்தேன். தமிழ் தெரியாத அந்த டாக்டர் வாயத் திறந்து மூடினது ஒரே தடவை. நீ பத்து நிமிஷம் பேசின. அப்படி என்னதான் சொன்ன?

— அவர் சொன்னதைத்தான் சொன்னேன், சிஸ்டர்.

— அவர் என்ன சொன்னாரு?

— நாளைக்கு எட்டு மணிக்கு முழங்காலுக்குக் கீழ காலை எடுக்கணும், இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள வந்து சேரணும், தள்ளிப்போட்டா உயிருக்கே ஆபத்துன்னாரு.

— அதைத் தமிழ்ல சொன்னியா?

— சொன்னேன்... ஒரு மாதிரியா.

— இழுக்காத. அந்த லாரி டிரைவர் சிரிச்சுக்கிட்டே, எனக்கு ஒரு கும்பிடும் போட்டுட்டுப் போனாரு. கால் போகப்போற மனுஷன் சிரிப்பாரா?

— மொதல்ல சர்க்கரையைப் பத்திச் சொன்னேன். அப்புறம் ரத்த ஓட்டம். அப்புறம், இத்தனை வருஷமா இந்தக் கால் ரொம்ப உழைச்சிருச்சு, அதுக்கும் ஒரு ஓய்வு வேணும்ல, அப்படின்னு...

— ஓய்வா? ஏம்மா, காலுக்கு என்ன பென்ஷன் குடுக்கப் போறாங்களா?

— கிண்டல் பண்ணாதீங்க சிஸ்டர்.

— பின்ன? மென்னு முழுங்கியிருக்க. பூசி மெழுகியிருக்க. வழவழா கொழகொழான்னு பேசி அனுப்பி வச்சிருக்க. மொழிபெயர்ப்பம்மாவுக்குச் சம்பளம் இதுக்கா?

— எல்லாத்தையும் ஒரே மூட்டையில கட்டாதீங்க. மழுப்புறவன் தன்னைக் காப்பாத்திக்கப் பேசுறான். சுத்தி வளைச்சுப் பேசுறவன் எதிர்ல இருக்கிறவனுக்கு வலிக்கக் கூடாதுன்னு பேசுறான். ரெண்டும் ஒண்ணில்ல.

— சரி. நீ செஞ்சது எது?

— அந்த ஃபைலைக் குடுங்க, எடுத்து வைக்கிறேன்.

— கேக்குறேன்ல?

— அவர் கண்ணைப் பாத்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரல. போதுமா?

— இப்பவே மணி மூணு. அவர் வரலைன்னா நாளைக்கு ஆபரேஷன் மேஜை காலியா இருக்கும். அவர் உயிரு உன் நாக்குல நிக்குது. நம்பர் போட்டுட்டேன், ஸ்பீக்கர்ல வச்சிருக்கேன். நேரா சொல்லு.

— அலோ?

— அண்ணே, நான்தான், ஆஸ்பத்திரியில உங்களுக்கு மொழிபெயர்த்தவ. அண்ணே, நான் சரியாச் சொல்லல. உங்க காலை எடுக்கணும். நாளைக்கே எடுக்கணும். இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள வந்துருங்க. என்னை மன்னிச்சுருங்க.

— தெரியும் தங்கச்சி.

— தெரியுமா?

— அந்த விரலுங்க கறுத்துப் போனதை நான்தானே தினமும் பாக்குறேன். நீ ஓய்வுன்னு ஆரம்பிச்சப்பவே விளங்கிருச்சு. முதலாளிகிட்ட வண்டிச் சாவியைக் கூடக் குடுத்துட்டேன்.

— அப்போ ஏண்ணே சிரிச்சீங்க?

— நீ என் கண்ணைப் பாக்காமலே பேசினியேம்மா. நான் வேற அழுதா நீ தாங்க மாட்டன்னு தோணுச்சு. ஆனா ஒண்ணு, நீ அப்படி மெல்ல மெல்லச் சொன்னதுலதான் நானும் கொஞ்சம் கொஞ்சமா மனசைத் தேத்திக்கிட்டேன். படக்குன்னு போட்டு உடைச்சிருந்தா அங்கேயே விழுந்திருப்பேன்.

— அண்ணே, இப்போ எங்க இருக்கீங்க? கிளம்பிட்டீங்களா?

— வீட்டு வாசல்ல நிக்கிறேன். அரை மணி நேரமா நிக்கிறேன். உள்ள என் பொஞ்சாதி துணி மடிச்சுக்கிட்டு இருக்கா. எனக்குப் பேச்சு வராது தங்கச்சி, வாயத் திறந்தா வெட்டுன மாதிரி நாலு வார்த்தைதான் வரும். போனை அவகிட்ட குடுக்குறேன். காலையில எனக்குச் சொன்ன மாதிரியே அவளுக்கும் சொல்லு.