பேசி முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க

காத்தாடி: ஏறப்போறது யாருன்னு முதல்ல சொல்லு.

பருந்து: நீதான். ஃபேன்னா அது உன் டிபார்ட்மென்ட். சர்வீஸ் பூரா தலைக்கு மேல இறக்கை சுத்த உக்காந்திருந்தவன் நீ.

காத்தாடி: எனக்கு முட்டி வலிடா. ஸ்டூல் வேற ஆடுது.

பருந்து: நான் பிடிச்சுக்கறேன்.

காத்தாடி: நீ பிடிச்சுக்கறதுதான் எனக்குப் பயமே.

அண்ணி: போன ஞாயித்துக்கிழமையும் இதே பேச்சுதான். ஃபேன் இன்னும் கடகடன்னுதான் ஓடுது. விடுங்க தம்பி, உக்காருங்க ரெண்டு பேரும். இன்னிக்கு உங்களைக் கூப்பிட்டது ஃபேனுக்கு இல்ல.

பருந்து: பாப்பா விஷயமா?

அண்ணி: இன்னும் என்ன பாப்பா? பைலட் பயிற்சியில முதல் கட்டம் முடிச்சுட்டா. இனிமே ஹெலிகாப்டரா, விமானமான்னு நாளைக்குச் சொல்லியாகணுமாம். இப்ப போன் பண்ணுவா. காத்தாடி சித்தப்பா, பருந்து சித்தப்பா ரெண்டு பேரையும் பக்கத்துல வெச்சுக்கோம்மான்னு சொன்னா.

காத்தாடி: பேரு வெச்சா பாரு எங்களுக்கு... பல்லு முளைக்கறதுக்கு முன்னாடியே.

பருந்து: இதுல கேக்க என்ன இருக்கு அண்ணி? ஹெலிகாப்டர்தான்.

காத்தாடி: சும்மா இருடா. விமானம், அண்ணி. கண்ணை மூடிக்கிட்டு விமானம்னு சொல்லச் சொல்லுங்க.

அண்ணி: ஆரம்பிச்சுட்டீங்களா... காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சும்பாங்க. நீங்க ரெண்டு பேரும் அடுத்தவன் குஞ்சைத் தூக்கிக் கொஞ்சறீங்க. ஊர்ல எவனாவது தான் ஓட்டின வண்டியை இப்பிடிக் குறை சொல்லுவானா?

பருந்து: ஓட்டினவனுக்குத்தானே அதோட லட்சணம் தெரியும்?

அண்ணி: சரி, தெரியாதவ கேக்கறேன். ரெண்டுக்கும் வேலை ஒண்ணுதானே? கீழ சண்டையில மாட்டிக்கிட்டவன் கூப்பிட்டா போய்க் காப்பாத்தறது?

காத்தாடி: அதேதான்.

அண்ணி: அப்ப எது நல்லா காப்பாத்தும்?

பருந்து: இவன் ஓட்டின ஹெலிகாப்டர். மரத்துக்குப் பின்னாடி பதுங்கி நிக்கும். தலையை மட்டும் தூக்கிப் பாக்கும், அடிக்கும், மறுபடி பதுங்கிக்கும். கீழ நிக்கறவன் கையை ஆட்டினா கூட தெரியும். எனக்குத் தெரியுமா? நான் போற வேகத்துல நம்ம ஆளு யாரு, எதிராளி யாரு...

காத்தாடி: அதே ஆளு துப்பாக்கியைத் தூக்கினாலும் தெரியும்! சாதா துப்பாக்கி போதும் அண்ணி, எங்களை இறக்க. இவன் விமானத்துல உக்கார்ற இடத்தைச் சுத்தி தொட்டி மாதிரி இரும்புக் கவசம். சல்லடையா துளைச்சாலும் வீடு வந்து சேரும். மணிக்கணக்கா மேலயே சுத்தலாம். குண்டு வேற, நான் கொண்டு போறதைப் போல ரெண்டு பங்கு...

பருந்து: சுத்தி என்ன புண்ணியம்? கீழ தெரிஞ்சாத்தானே?

காத்தாடி: தெரியலைன்னா இறங்கிப் பாக்கறது.

பருந்து: எப்பிடிடா இறங்கறது? மேகம் அப்பிடியே மலைத் தலையில உக்காந்திருக்கு. உள்ள போனா வெளிய வர்ற இடத்துல பாறை இருக்கா, ஆகாசம் இருக்கான்னு...

அண்ணி: எந்த மலை?

பருந்து: ...பொதுவா சொன்னேன் அண்ணி.

அண்ணி: ஓ. பொதுவா.

காத்தாடி: டீ ஆறிடுச்சு போல.

அண்ணி: சூடு பண்ணித் தரேன் இருங்க. அதுக்குள்ள ஒண்ணு கேக்கறேன். அவ அந்தக் கதையைச் சொல்லச் சொன்னா. அப்பா பட்டாளத்து மெஸ்ல சொன்னது.

காத்தாடி: எத்தனை வாட்டி அண்ணி...

அண்ணி: அலுக்குமா என்ன? சொல்லுங்க.

காத்தாடி: ஒரு நாள் மெஸ்ல உக்காந்து எங்க ரெண்டு பேருக்கும் இதே சண்டை. நீதான் சரி, இல்ல நீதான் சரின்னு. அண்ணன் எதிர்ல உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தாரு. கடைசியில...

பருந்து: "சரிப்பா, நீங்களே பேசி முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க. நாங்க எங்கயும் போகப்போறதில்ல"ன்னாரு.

அண்ணி: சிரிச்சுக்கிட்டேவா?

பருந்து: ...சிரிச்சுக்கிட்டேதான்.

அண்ணி: ஒரே மூச்சுல சொன்னாரா?

காத்தாடி: அண்ணன் பேச்சைப் பத்திக் கேக்கணுமா? மடை திறந்த வெள்ளமாச்சே.

அண்ணி: அன்னிக்கு மெஸ்ல என்ன சாப்பாடு?

பருந்து: சோறு.

காத்தாடி: ரொட்டி.

பருந்து: ரொட்டியும் இருந்துச்சு.

அண்ணி: இருந்திருக்கும், இருந்திருக்கும். இந்தாங்க டீ. இப்ப அவ கேட்ட கேள்வியைச் சொல்றேன். எந்த வண்டி நல்ல வண்டின்னு அவ கேக்கல.

காத்தாடி: பின்ன?

அண்ணி: "அந்தப் பாலத்துச் சண்டையில அப்பா ரேடியோவுல உதவி கேட்டப்ப எது வந்திருந்தா அப்பா பிழைச்சிருப்பாரு? அதைத்தான் நான் ஓட்டப்போறேன், கேட்டு வை"ன்னா.

பருந்து: அவளா கேட்டா, அண்ணி?

அண்ணி: தொட்டில்ல கிடந்தவளுக்கு இந்தக் கேள்வி வர இத்தனை வருஷம் ஆச்சு. சொல்லுங்க தம்பி.

பருந்து: ஹெலிகாப்டர்.

காத்தாடி: விமானம்.

பருந்து: டேய், இப்பவாவது...

காத்தாடி: என்ன இப்பவாவது? எதிர் மேட்டுல பீரங்கி வெச்சிருந்தான். விமானம் வந்து முதல்ல அதை அடிச்சாத்தானே ஹெலிகாப்டர் தலையைத் தூக்க முடியும்?

பருந்து: எங்க இருக்குன்னு பாத்துச் சொன்னாத்தானே அடிக்க முடியும்? மேகத்துக்கு மேல சுத்தறவனுக்கு என்ன தெரியும்? பக்கத்துல நின்னவன் எட்டிப் பாத்திருந்தா...

காத்தாடி: எட்டிப் பாத்தா அவன் கதி?

பருந்து: குருட்டாம்போக்குல இறங்கினா இவன் கதி?

காத்தாடி: அதுக்காக? இவன் வரட்டும்னு அவனும், அவன் வரட்டும்னு இவனும்...

பருந்து: போதும்டா.

அண்ணி: எதிர் மேட்டுல பீரங்கின்னு உங்களுக்கு யாரு சொன்னது?

காத்தாடி: ...பேப்பர்ல போட்டிருந்தான் அண்ணி.

அண்ணி: நான் எல்லாப் பேப்பரும் வெட்டி வெச்சிருக்கேன். "மோசமான வானிலை"ன்னு ரெண்டு வரிதான் போட்டிருந்தான்.

பருந்து: போன் அடிக்குது அண்ணி... அவதான்.

அண்ணி: எடுங்க.

பருந்து: நீ எடுடா.

காத்தாடி: நீ எடு. நீதான் பக்குவமா பேசுவ.

பருந்து: உன்கிட்டதான் அவ செல்லம். நீ எடு.

காத்தாடி: நான் என்னத்தைச் சொல்ல... நீ எடுன்னா எடேன்!

பருந்து: ...நின்னுடுச்சு.

அண்ணி: மறுபடி அடிப்பா. அதுக்குள்ள நான் ஒண்ணு சொல்லிடறேன். அவருக்குப் பேச்சு திக்கும், தம்பி.

பருந்து: என்ன?

அண்ணி: நல்லாவே திக்கும். என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு முடிக்கறதுக்குள்ள அடுப்புல பால் பொங்கி வழிஞ்சிருக்கும். கேலி பண்ணுவாங்கன்னு நாலு பேர் இருக்கற இடத்துல வாயே திறக்க மாட்டாரு. மெஸ்ல தட்டைத் தூக்கிக்கிட்டு ஓரமா போயிடுவாராம்.

காத்தாடி: அண்ணி...

அண்ணி: ரேடியோவுல மட்டும் திக்காதாம். "ப... பட்டனை அழுத்திட்டா த... தண்ணியா வருது, நீ ஒரு நாள் கே... கேக்கணும்"பாரு. அவ்வளவு ஆசை அவருக்கு. எனக்குத்தான் கேக்கக் கொடுத்து வைக்கல.

பருந்து: அப்ப... முதல் நாளே...

அண்ணி: முதல் நாள் வாசல்ல நின்னு, "அண்ணி, நாங்க அண்ணனோட சிநேகிதங்க, மடை திறந்த வெள்ளமா பேசுவாரு"ன்னீங்க பாருங்க, அப்பவே தெரிஞ்சுடுச்சு. நீங்க அவரைக் கண்ணால பாத்ததே இல்ல. மேகத்துக்கு மேல ஒருத்தர், மலைக்குப் பின்னாடி ஒருத்தர். அன்னிக்கு ரேடியோவுல வந்த குரலைத்தான் கேட்டிருக்கீங்க.

காத்தாடி: தெரிஞ்சுமா எங்களுக்குச் சோறு போட்டீங்க?

அண்ணி: கோபம் இல்லாம இல்ல. எத்தனையோ ஞாயித்துக்கிழமை கதவைத் திறக்க வேணாம்னு நினைச்சிருக்கேன். மனசு கேக்கல. அவர் திக்காம பேசினதை என்கிட்ட சொல்ல வேற யாரு இருக்கா?

பருந்து: நாங்க... நடந்ததைச் சொல்லணும்னுதான் அண்ணி முதல் நாள் வந்தோம். இவன் சொல்லுவான்னு நான்...

காத்தாடி: இவன் சொல்லுவான்னு நான்...

அண்ணி: தெரியும். அடிக்குது பாருங்க. "எங்கயும் போகப்போறதில்ல"ன்னு ரேடியோவுல உங்ககிட்ட சொல்லிட்டு, சொன்ன மாதிரியே அந்தப் பாலத்துலயே இருந்துட்டாரு. இந்தத் தடவையாவது ரெண்டு பேர்ல ஒருத்தர் எடுங்க தம்பி.